தவறவிட்டவை

தார்த்து நகரில் டிசம்பர்.
மூன்றரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது.
பல்கலைக்கழக நூலகத்தின் நான்காம் மாடியில்
ஹெல்வே இன்னும் எழுந்திருக்கவில்லை.
மூன்று மென்பொருள்களில் ஒன்றை
வெள்ளிக்குள் பரிந்துரைக்க வேண்டும்.

சோதிப்பதற்காக ஒரு வாரம் அவளே திருடினாள்.
பத்தி பத்தியாக எடுத்தாள்,
சொல்லை மாற்றினாள், வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாள்,
மேற்கோள் குறிகளைப் பிடுங்கி எறிந்தாள்.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்கவும்
கைவரிசை வேண்டும்.
காபியோடு எட்டிப் பார்த்த ஊர்மாஸ்
"உனக்கு நன்றாகவே வருகிறது" என்றான்.

முதலாவது சந்தேகப் பேர்வழி.
நூற்பட்டியலையே களவு என்றது.
"என் கணவரின் பொறுமைக்கு நன்றி"
நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகளில் இருக்கிறதாம்.
அத்தனை கணவர்கள். அத்தனை பொறுமை.

இரண்டாவது ஆங்கிலத்தில் புலி.
நமக்கு எட்டு வேற்றுமை, எஸ்தோனியனுக்குப் பதினான்கு;
ஒரே சொல் பதினான்கு சட்டை மாற்றி ஓட
வாலைக்கூட அது பிடிக்கவில்லை.

மூன்றாவது மெதுவானது.
சாப்பிட்டு வந்தாலும் பாதியில்தான் நிற்கும்.
ஆனால் அதற்குப் படிக்கத் தெரிந்திருந்தது.

ஒப்பிட ஒரு சுத்தமான பிரதி தேவை.
யோசிக்காமல் தன் ஆய்வேட்டையே போட்டாள்:
பெய்ப்சி ஏரியின் பனிக்கட்டி, 1997.

நான்கு சதவீதம். பூஜ்யம். ஒன்று.
மூன்றிலும் பச்சை விளக்கு.

அப்போதுதான் நினைவு வந்தது,
நாற்பத்தேழாம் பக்கம்.
யாரும் ஸ்கேன் செய்யாத ஒரு ருஷ்யச் சஞ்சிகை,
குழந்தை தூங்கிய இரவுகளில்
அகராதியைப் புரட்டிப் புரட்டி
எஸ்தோனியனில் இறக்கிய ஒன்றரைப் பக்கம்.
அடிக்குறிப்பைப் பிறகு போடலாம் என்றிருந்தாள்.
பிறகு பட்டம் வந்தது.
பிறகு வேலை, பிறகு இந்த அறை.

அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் காலி:
"தவறவிட்டவை".
பூஜ்யம் என்று போட்டால் அட்டவணை பொய்.
ஒன்று என்று போட்டால்
எது, எங்கே என்று பீரெட் கேட்பாள்.
கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

கீழே பனி அள்ளும் வண்டி
ஒரு தெருவை முடித்து அடுத்ததற்குத் திரும்பியது.
ஒன்று என்று அடித்தாள். அழித்தாள்.
மறுபடி அடித்து
அதன் தலையில் சின்னதாக ஓர் அடிக்குறிப்பு எண்.

பக்கத்தின் அடியில் முதலில் பெயரைத் தட்டினாள்:
ஜினாயிதா ருப்ஸோவா.
எழுத்து ஒன்றுகூடத் தப்பவில்லை.