கவலை, கிலோ நூற்றிருபது

வாங்க, உட்காருங்க,
வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே.
இருபத்தோரு வருஷமாக
கடலூர் முதுநகர்க் கிளை மூன்றாம் கவுண்ட்டரில்
நான் சொல்லிவரும் வாசகம்.
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு அதை அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.
கூடையை வாசலில் வாட்ச்மேன் பொறுப்பில் விட்டிருந்தாள்.
பழைய கணக்கில் அவன் எடுத்தது போக
மீதம் பதினேழு ரூபாய்.
புதுக் கணக்கு வேண்டும், அவள் பெயரில் மட்டும்.

பக்கத்தில் நியேவெஸ்.
துறைமுகத்து மீன்காரிகளைப் பற்றி ஆராய்ச்சி.
ஸ்பெயினில் விகோ என்று ஒரு கடலோர ஊர்.
எட்டு மாதத்தில் ஏலத் தமிழ் வந்துவிட்டது,
வங்கித் தமிழ் இன்னும் வரவில்லை.
வீட்டுக்காரர் என்றால்
வாடகை வாங்குபவரா என்று கேட்டாள்.
"வாங்குறவன்தான்" என்றாள் அஞ்சலாட்சி.

அதற்குச் சிரித்தவள்
பிறகு சிரிக்காமல் சொன்னது:
அவள் அம்மாவுக்கு
மத்தியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை.
உழைப்பு அம்மாவுடையது, கையெழுத்து அப்பாவுடையது.
கணவன் ஒப்பாமல் கணக்கு இல்லை, கடவுச்சீட்டு இல்லை.
சட்டமே அப்படி.
ஜெனரல் ஒருவர் முப்பத்தாறு வருஷம்
நாட்டுக்கே வீட்டுக்காரராக இருந்தார்.

எழுபத்தைந்து மே மாதம் அந்தச் சட்டம் போனது.
நவம்பரில் ஜெனரலும் போனார்.
(அந்த வருஷம் இங்கேயும் செய்தித்தாளில்
சில கட்டங்கள் வெள்ளையாக வந்தனவாம்.
என் அப்பா அவற்றில் பால் கணக்கு எழுதினாராம்.)

தெருவுக்கு வேறு பெயர் வந்தது.
தேர்தல் வந்தது. குட்டைப் பாவாடை வந்தது.
எண்பத்தொன்றில் விவாகரத்து வந்தது.
சாலையோரப் பள்ளத்தில் புதைத்த தாய்மாமன் மட்டும்
வரவில்லை.
அவரைப் பற்றிப் பேசுவதில்லை என்று
ஊர் பேசாமலே பேசி முடித்திருந்தது.

அம்மா?
சட்டம் மாறி ஆறு வருஷம் கழித்துத்தான் வங்கிக்குப் போனாள்,
மாதாகோயிலுக்கு உடுத்தும் கோட்டோடு.
கவுண்ட்டரில் ஒரு பெண்,
புது வேலை, புதுக் கண்ணாடி, உதட்டில் சாயம்.
வாங்க என்றாளாம்,
உங்கள் கணவர் வரவில்லையா?
அம்மா திரும்பி நடந்துவிட்டாள்.
ஜெனரல் செத்ததை வானொலி ஊருக்கே சொன்னது.
அந்தப் பெண்ணின் நாக்குக்குச் சொல்லவில்லை போல.

நியேவெஸ் என்னைப் பார்த்து இதைச் சொல்லவில்லை.
ரப்பர் முத்திரைகள் தொங்கும்
என் சின்ன ராட்டினத்தைப் பார்த்துச் சொன்னாள்.
ஏ.சி.யிலும் எனக்குக் கழுத்து வேர்த்தது.
பிறகு அம்மா மறுபடி போனாளா என்று
கேட்க நினைத்தேன்.
அதற்குள் மேசையில் ஒரு தட்டு:

"யம்மா, செத்தவன் கதை அப்புறம்.
ரேகையா கையெழுத்தா, சட்டுனு சொல்லு.
வெயிலேறுது. கவலை கெட்டுப்போச்சுன்னா
கிலோ நூத்திருவது, நீயா குடுப்ப?"

நியேவெஸ் கைப்பேசி அகராதியைப் பார்த்துவிட்டு
கவலை கெட்டுப்போனால் நல்லதுதானே என்றாள்.
மத்தி இனத்தில் சின்ன மீன் அது என்றேன்.
இந்தக் கரையில் அதற்கு அதுதான் பெயர்.

படிவத்தில் தந்தை, கணவர் பெயர் என்றொரு கட்டம்.
"அம்மா பேரு போடு" என்றாள், "முத்தாலம்மா."
கணினி ஏற்றுக்கொண்டது.
கணினிக்கு எப்போதுமே ஆட்சேபம் இருந்ததில்லை.

கையெழுத்தே போட்டாள்.
எழுத்துக்கு எழுத்து நடுவே ஓர் ஆள் நடந்து போகலாம்.
ட்-டின் தலையில் புள்ளிக்குப் பதில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.
தட்டிவிடாமல் ஸ்கேன் செய்தேன்.

அடுத்து வந்தவள் இளம்பெண், இடுப்பில் குழந்தை.
வாங்க, உட்காருங்க, வீட்

என்று ஆரம்பித்துவிட்டேன்.
வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று முடித்தேன்.
முன்பின் பார்த்திராத அந்தப் பெண்
திகைத்துப்போய்
சௌக்கியம் என்றாள்.