கேள்

ஆற்றுப் பனியின் கனம் இன்று பதினோரு அங்குலம்.
மேல்முனையில் ஒன்பதுதான்.
பழைய மீன்கிடங்குக்குக் கீழே, வளைவில்,
தண்ணீர் வாய் திறந்தே கிடக்கிறது;
வசீலி வில்லோக் கொம்பு நட்டிருக்கிறார்.
கொம்புக்கு இடப்பக்கமாகவே போங்கள்.

அலாஸ்காவில் இந்த ஆற்றுக்கு
இப்படித்தான் விடிகிறது.
பாட்டு அப்புறம்.
உலகச் செய்தி அதற்கும் அப்புறம்.

ஃபெடோரா வாசிக்கிறாள்,
முதலில் யூப்பிக்கில், பிறகு ஆங்கிலத்தில்.
யூப்பிக்கில் சொல்லும்போது மட்டும்
வளைவு எந்தப் பக்கம் என்று கையால் காட்டுகிறாள்.
வானொலியில் கை தெரியாது.
ஆனாலும் காட்டுகிறாள்.

அடுத்து, சீட்டில் வந்த சேதிகள்:
க்ளெமென்ட்டுக்கு: கார்பரேட்டர் வெள்ளிக்கிழமை விமானத்தில்.
காசோடு போய் நில்.
ஒலிங்காவுக்கு: பெண் குழந்தை, ஏழு பவுண்டு.
பெயர் இன்னும் சண்டையில் இருக்கிறது.
பெயர் போடாத ஒருவருக்கு, பெயர் போடாத ஒருவர்:
மன்னித்துவிட்டேன். நாயை அனுப்பிவை.

அந்த வாரம் பதினான்கு பேர் தொலைபேசியில் வந்தார்கள்,
அந்தக் கடைசிச் சேதி எனக்கா என்று.
அதில் ஐந்து பேரிடம் நாயே இல்லை.

முன்பு சலவைக் கடையாக இருந்த இரண்டு அறை.
சுவரில் இன்னும் சோப்பு விலைப்பட்டியல்.
முதலாளி கிடையாது. லாபம் கிடையாது.
ஒன்பது பேர் மாதம் ஒருமுறை
பள்ளிக்கூடச் சாப்பாட்டு மேசையில்
குழந்தைகள் உயர பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
ஜெனரேட்டருக்கு எண்ணெயா கூரைக்குத் தகரமா என்று
வாக்களிக்கிறார்கள்.
போன மாதம் எண்ணெய் ஜெயித்தது.
பலசரக்குக் கடைக்காரர் விளம்பரம் தருகிறேன் என்றார்.
விளம்பரம் வாங்குவதில்லை என்றார்கள்.
அப்படியானால் சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று
பணத்தை வைத்துவிட்டுக் கோபமாகப் போனார்.

நவம்பர், கேட்கும் மாதம்.
ஃபெடோராவுக்குப் பிடிக்காத மாதம்.
இந்தக் கவிதையின் மொழியில்
காதை நீட்டினாலும் கேட்பது,
கையை நீட்டினாலும் கேட்பது.
அவளுடைய இரண்டு மொழியிலும் இந்த வசதி இல்லை.
ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும்
தொண்டையைச் செருமிக்கொண்டு
தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஐந்து டாலர். இருபது. ஐந்து.
உறைந்த சால்மன் இரண்டு.
ஒரு பனிச்சறுக்கு வண்டி நிறைய பிர்ச் விறகு:
கணக்குப் பார்க்கும் மேவிஸ் இன்னும் யோசிக்கிறாள்,
விறகை எந்தக் கட்டத்தில் எழுதுவது.
இலக்குக்கு இன்னும் பாதிக்கு மேல் பாக்கி.

அந்த வியாழன் இரவு
ஊர் மின்சாரம் போனது.
ஜெனரேட்டரில் டீசல் கூழாக உறைந்தது.
மைனஸ் முப்பது.
அதிகாலை இரண்டு பத்துக்கு
ஒரு வாக்கியத்தின் நடுவில்
நிலையம் நின்றது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குழாயைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஃபெடோரா.
இந்த நேரத்தில் யார் விழித்திருக்கப் போகிறார்கள்
என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டும்.

ஆற்றின் மேல் ஒரு விளக்கு.
அப்புறம் இரண்டு.
எண்ணினால் ஒன்பது பனிவண்டி.
முகமூடியைக் கழற்றி க்ளெமென்ட் கேட்டான்:
வாக்கியத்தை முடிக்கவில்லையே,
செத்துவிட்டாயோ என்று பார்க்க வந்தோம்.

ஒருவர் மண்ணெண்ணெய் கொண்டுவந்திருந்தார்.
ஒருத்தி கருத்த தேநீர்.
வசீலி வெறுங்கையோடு வந்திருந்தார்.
எப்படியும் தூக்கம் வரவில்லை என்றார்.
மேவிஸ் சொன்னாள், அந்த விறகைக் கொளுத்து,
கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.
டீசல் டிரம்மை அடுப்படிக்கு உருட்டி
ஊர் அதைச் சுற்றி நின்றது.

மூன்று முப்பத்தெட்டுக்கு மறுபடி ஒலிபரப்பு.
விட்ட வாக்கியம் என்னவென்று அவளுக்கு மறந்துபோயிருந்தது.
ஆற்றுப் பனி பதினோரு அங்குலம், என்றாள்.
பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.
மன்னிக்கவும், பன்னிரண்டு.
இப்போதுதான் அதன் மேல் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

இலக்குக்குப் பாக்கி அப்படியே இருக்கிறது.
நாயைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.