அரைப்பேர்

விடியற்காலை ஐந்தரைக்கு முதல் அழைப்பு.
ஆட்டோக்கார ஜெயசீலன்:
"மிஸ், பாலத்துக்கிட்ட மண் சரிஞ்சிருக்கு,
சுத்தித்தான் வரணும்."
சுற்றி வந்தால் முந்நூறு ரூபாய் கூட.
எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்தபடி
ரொட்டிக்கு மாப் பிசைந்தேன்.

நோர்வூட்டுக்கு மேலே, பழைய பிள்ளைக் காம்பரா.
தோட்டம் எங்களுக்குத் தந்தது அதைத்தான்.
ஏணை கட்டிய கொக்கிகள்
இன்னும் விட்டத்தில் வரிசையாய்.
கீழே எட்டுப் பிளாஸ்டிக் கதிரைகள்.

எட்டரைக்குப் பதிவேடு.
பெயர் கூப்பிட்டால் சன்னாசி அண்ணன் மட்டும்
எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுவார்.
அவருக்கு இது பிரட்டுக்களம்.
வாகையில் கிளை வெட்டப் போய் விழுந்து ஆறு வருஷம்.
விழுந்தது மட்டும் அவருக்குத் தெரியாது.
பின்னேரம் தினமும் கேட்பார்:
"இன்னிக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"
"முழுப்பேர்தான் அண்ணே."
"கங்காணி எழுதிட்டாரா?"
"எழுதியாச்சு."

நிஸ்தார் நானா பஸ் கொண்டக்டராய் இருந்தவர்.
ஹட்டனில் தொடங்கி பொகவந்தலாவை வரைக்கும்
தரிப்பிடங்களை ஒரே மூச்சில் சொல்வார்.
கக்கூசுக்குப் போகும் வழிதான் தவறிவிடும்,
பத்தடி.
அந்தக் கதவில் ஒரு பஸ் படம் ஒட்டினேன்.
இப்போது அதன் முன்னால் நின்று
"இறங்குறவங்க இருக்கா?" என்று
சத்தம் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

ரேணுகாந்தினிக்கு இருபத்தெட்டு.
வான் பள்ளத்தில் உருண்ட நாளிலிருந்து
சொல் கிடைக்காத இடத்திலெல்லாம் மழை.
தேத்தண்ணி மழை. அம்மா மழை.
கோபம் வந்தால் மழை மழை மழை.
எந்த மழை என்று
கேட்பவர் காதுதான் பழக வேண்டும்.

கொழும்பிலிருந்து வரும் படிவத்தில்
'முன்னேற்றம்' என்றொரு கட்டம்.
சதவீதத்தில் நிரப்ப வேண்டும்.
குணதாச தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டினார்,
ஒன்று தள்ளி.
அது எத்தனை சதவீதம்?
அவர் மனைவி அதைத் திருத்தாமல்
அப்படியே கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.
அது எத்தனை?

வியாழன் மூன்று மணிக்கே இருட்டிப் பனி இறங்கியது.
ஒரு ஆட்டோ பழுது. மற்றதில் மூன்று நடையாய் ஏற்றினேன்.
நானாவின் மாத்திரை, சன்னாசி அண்ணனின் தொப்பி,
குணதாச வீட்டோடு என் அரைகுறைச் சிங்களத்தில் பேச்சு,
இதற்கிடையில் கொழும்பு:
அந்த முந்நூறு ரூபாய்க்கு ரசீது எங்கே?
எண்ணினேன்.
எட்டு என்றுதான் எண்ணினேன்.
பூட்டினேன்.

சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கையில்
பையைத் தடவினால் பதிவேடு இல்லை.
என்னையே திட்டிக்கொண்டு மேலே ஏறினேன்.
கதவைத் திறந்தால்
கொக்கிகளுக்குக் கீழே, கடைசிக் கதிரையில்,
பை மடியில் இருக்க, ரேணுகாந்தினி.
விளக்குப் போடவில்லை. கதவைத் தட்டவும் இல்லை.
நாற்பது நிமிஷம்.
"மழை," என்றாள்.

வெளியே மழை இல்லை.
பழகிய காதுதான் என்னுடையது.
அந்த மழை எதுவென்று
இன்றுவரை பிடிபடவில்லை.

வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.
ஆட்டோ பிந்திவிட்டது என்றேன் அவள் அம்மாவிடம்.
எனக்கு மட்டும் சொல் உடனே கிடைக்கிறது.

வெள்ளி காலை சிரித்தபடி வந்து
பையை ஆணியில் மாட்டினாள்.
அவளிடம் நேற்று என்று ஒன்று இருக்கவில்லை.
மன்னிப்பை வைத்துக்கொண்டு
எங்கே கொடுப்பதென்று தெரியாமல்
ரொட்டியைப் பிட்டுப் பிட்டு அவள் தட்டில் போட்டேன்.

பெயர் கூப்பிட்டு முடிந்ததும்
கடைசி வரியில் என் பெயரை எழுதி
நேரே ஓர் அரை போட்டேன்.
சன்னாசி அண்ணன் எட்டிப் பார்த்தார்.
எழுத்தெல்லாம் போய்விட்டது அவருக்கு,
அரையை மட்டும் இன்னும் வாசிப்பார்.

"ஏன் மிஸ், கொழுந்து கொறைவா?"

"ஒன்னு," என்றேன்.
"ஒன்னு கொறைஞ்சு போச்சு."