பலகையின் விலை

செங்கலடிச் சந்தியில் இறங்கி
பதுளை வீதியில் நாலாவது கேட்.
முதலாம் வருடம் வரைக்கும்தான் விடுதி என்று
வந்தாறுமூலை எங்களைக் கைகழுவியிருந்தது.

நீளமான ஒரே அறை.
சுவரில் சாய்த்துவைத்த ஒரு ப்ளைவூட் பலகை.
ஜெயகலா அன்ரி அதைத் தட்டிக் காட்டினார்:
"இது இல்லாட்டி ஆளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு.
நடுவுல நிப்பாட்டினா ஒன்பதாயிரம், தனித்தனி ரூம்.
யோசிச்சுச் சொல்லுங்க புள்ள,
ஆணி அடிச்சா மறுகா கழட்ட ஏலா."

ஹுஸ்னியா விரல்விட்டு எண்ணினாள்.
இரண்டு பேருக்கும் மாதம் ஐயாயிரம் கூட,
வருடம் அறுபதாயிரம்.
"இந்தப் பலகைக்கா?
பொத்துவில்ல இந்தக் காசுக்கு
வாப்பா தோணிக்குப் பழைய எஞ்சின் ஒண்டு பாப்பாரு."
சிரித்தாள். அன்ரியும் சிரித்தார்.
நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு மூலை தண்ணீரில் ஊறி
நனைந்த கொப்பி மாதிரி
தாள் தாளாகப் பிரிந்திருந்தது.

லுணுகலையில் எங்கள் காம்பிராவுக்கு
ஒரு பல்பு, ஆறு பேர்.
அதை அணைப்பவர் எப்போதும் வேறு யாரோ.
படித்தது, உடுப்பு மாற்றியது,
பரீட்சை முடிவு பார்த்து வாய்பொத்தி நின்றது,
எல்லாவற்றுக்கும் சாட்சி உண்டு.

இதை ஹுஸ்னியாவிடம் சொல்லவில்லை.
போன மாரியில் காய்ச்சலில் கிடந்த எனக்கு
கொத்தமல்லி அவித்துத் தந்தவளிடம்
நீ வேண்டாம் என்றில்லை என்று
எந்த வாயால் தொடங்குவது?

"தனியா எடுப்பம்" என்றேன்.
அவள் சிரிப்பில் பாதி வெளியே வந்துவிட்டது.
மீதியை விழுங்கிக்கொண்டாள்.
"சரி. தனியப் படுத்து எனக்குப் பழக்கமில்ல.
பயந்தா தட்டுவன், என்ன?"

மறுநாள் ஆசாரி வந்து அடித்துவிட்டுப் போனார்.
பலகை முகட்டைத் தொடவில்லை,
இரண்டு முழம் குறை.
மேலே ஒரே ஃபேன்,
யாருடைய காற்று யாருக்கென்று பார்க்காமல் சுற்றியது.
ஒரே பல்பு.
சுவிட்ச் அவள் பக்கம்.

பத்து மணிக்கு அங்கிருந்து கேட்டாள்:
"லைட்ட நூக்கட்டா?"
"ம்" என்றேன்.
காம்பிராவில் போலவே இருட்டியது.

ஒரு மணி இருக்கும்.
பலகையில் மூன்று தட்டு,
கைமாற்றுக் கேட்பதைப் போல மெதுவாக.
கொஞ்சம் விட்டு, இன்னும் ஒன்று.

கண்ணை மூடிக்கொண்டு
தூங்குகிறவளின் மூச்சை விட்டுக் கிடந்தேன்.
மஹாபொலக் காசில்
எனக்கென்று நான் வாங்கிய முதல் பொருள்
அந்த மூச்சு.

சுபஹுக்கு எழும்பியவள் லைட்டைப் போடவில்லை.
என் பக்கத்து முகட்டில்
அவளுடைய போன் வெளிச்சம்
சத்தமில்லாமல் நடந்து
கதவு வரைக்கும் போனது.