ஃபேனை நிறுத்தும் வீடு

வாட்ச் நைட் முடிந்து
கோயில் வாசலில் நீட்டிய தட்டில்
அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டை
வாயைத் திறக்கச் சொன்னது.
எனக்கு வந்தது திராட்சைச்செடி.
பணகுடியில் திராட்சைக்கு எங்கே போவேன்,
பைபிளில் செருகி வைத்தேன்.

அருமைராஜ் காற்றாலைக்காரர்.
இடுப்பில் கயிறு, வாயில் ஞானப்பாட்டு,
எண்பது மீட்டர் ஏணி.
கீழே நிற்கும் ஹெல்பர் பையன் சொல்வான்:
பாட்டு நின்னா அண்ணாச்சி மேலே போய்ச் சேந்தாச்சுன்னு அர்த்தம்.
வாயைக் கழுவுலே என்பேன்.
ஞாயிற்றுக்கிழமை பாடகர் வரிசையில் பேஸ்,
மூன்றாம் நாற்காலி.

நான் ஆல்ட்டோ.
வாரநாளில் பீடி.
இலை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் சுற்றி
நாலு எண்ணிக்கைக்கு ஒன்று.
ஈஸ்டர் பாட்டில் என் பாகம்
அறுநூறு பீடிக்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

லெந்து தொடங்கிய வாரம்
சவரம் செய்கையில் கழுத்தில் ஒரு நெல்லிக்காய் தட்டுப்பட்டது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்:
பீடி பிடிப்பீங்களா?
தொட்டதே இல்லை என்றார் இவர்.
டாக்டர் எழுதிக்கொண்டார்.
நான் என் விரல்நுனிகளைச்
சேலைக்குள் மடக்கிக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய் அறுத்தார்கள்.
கெட்ட கட்டி இல்லையாம்.
ஸ்தோத்திரம் பண்ணினோம்.
நரம்பு ஒன்று மட்டும் இனி அசையாதாம்.
குரல் வரும்மா, காத்து மாதிரி வரும்
என்றாள் நர்ஸ்.

ஈஸ்டர் அதிகாலையில்
மூன்றாம் நாற்காலியில் பாட்டுப்புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள்.
பாடினேன்.
என் குரலுக்குக் கீழே தரை இல்லை.

அந்த மாசம்
கைப்பிடி அரிசி டப்பாவில்
ஒரு பிடிகூட நான் போடவில்லை.
யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம்.
மாசக் கடைசியில் டப்பா நிறைந்திருந்தது.
கெசியா போட்டிருக்கிறாள்,
அவள் பங்கு, என் பங்கு, அப்பா பங்கு.

ஆனியில் கணவாய்க் காற்று வந்தது.
காற்றுக் காலத்தில் லீவு கிடையாது.
கம்பெனி அவருக்கு ஒரு விசில் கொடுத்தது.
ஒன்று ஊதினால் சரி.
இரண்டு ஊதினால் நிறுத்து.
மூன்று ஊதினால் டீ.
மூன்றாவது அவர்கள் இருவராய்ச் சேர்த்துக்கொண்டது.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில்
முருங்கைக்கட்டு போயிற்று, பூசணி போயிற்று.
சேவல் வந்தபோது
ஈயை விரட்டக் கையை ஆட்டினார்.
ஆயிரத்து நானூறு, ஒருதரம்!
இல்லை என்று சொல்லச் சத்தம் வரவில்லை,
இன்னும் வேகமாக ஆட்டினார்.
ஆயிரத்து அறுநூறு!
சபையே கைதட்டியது.
அசனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றேன்.
கேட்கவில்லை.
இப்போது எங்கள் வீட்டில்
உரக்கப் பேசுகிறது அது ஒன்றுதான்,
விடிய மூன்று மணிக்கு.

ராத்திரி ஜெபத்தை இன்றைக்கும் அவர்தான் முடிப்பார்.
கெசியா எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவாள்.
ஊருக்கெல்லாம் ஃபேன் சுற்ற வைக்கிற மனிதர் வீட்டில்
வேர்த்து வடிய முழங்காலில் இருப்போம்,
அந்த ஒரு இழைச் சத்தத்துக்காக.
பெயர் பெயராகச் சொல்வார்:
ஹெல்பர் பையன், அறுத்த டாக்டர்,
பீடிக் கடை முதலாளி,
எண்ணிக்கை குறையாமல் உருட்டும் என் விரல்கள்.
ஒருநாள் சேவலையும் சொன்னார்.
சிரித்ததில் ஆமென் விட்டுப்போயிற்று.

டிசம்பர் முதல் ஒத்திகை.
யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்தார்.
நாற்காலியின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்
கீழே வைத்தார்.
உட்கார்ந்தார்.
கெசியா கீபோர்டில் இடது கையைக்
கொஞ்சம் மெதுவாக்கினாள்.
அவர் வாயைத் திறந்தார்.

சோப்ரானோ பக்கத்தில் யாரோ எழுந்துபோய்
ஃபேனை நிறுத்தினார்கள்.
நான் யாரிடமும் சொன்னதில்லை.
கெசியாவாகத்தான் இருக்கும்.