ஏழு பதினெட்டு

நண்பகலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்,
அதனால்தான் இந்த நேரத்துக்கு வந்தேன் என்றேன்.
குவெக் நிமிர்ந்து பார்த்தார்.
பறவையா, கப்பலா, எதிர்வீடா?
மூன்றாவதற்கு அவரே சிரித்துக்கொண்டார்.
வேட்டைக்கு, என்றேன்.
இந்தத் தீவில் ஒரு காக்கையைச் சுடவே
நாலு பேர் கையெழுத்துப் போடவேண்டுமே?
கோத்தா திங்கியில், என்றேன். காட்டுப்பன்றி.
சுடுவது மச்சான், உரிமம் அவன் பேரில்.
நான் பார்த்துச் சொல்கிறவன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு பைனாகுலர்.
பாதி கிராஞ்சியிலிருந்து வந்தவை,
குதிரைகள் ஓடி முடித்தபின்
கழுத்திலிருந்து கழற்றிக்
கிடைத்த விலைக்குத் தந்துவிட்டுப் போனவை.
ஒன்றின் வாரில் இன்னும் தைல வாசம்.

என்னிடம் நூற்றைம்பது வெள்ளி.
முதலில் அவர் நீட்டியது இருபது மடங்கு,
மாணிக்கச் சிவப்பில் பூச்சு.
வேண்டாம்.
இதே சிவப்பை நாற்பது வெள்ளிக்கு வாங்கியிருந்தேன்,
நிலாவின் தழும்பெல்லாம் தெரியும் என்று அட்டையில் போட்டிருந்தது.
ஐம்பதை இருபதால் வகுத்தால் இரண்டரை.
கண்ணுக்குள் வந்துசேரும் வெளிச்சத்தின் அகலம்
இரண்டரை மில்லிமீட்டர், ஒரு கடுகு.
அந்தக் கணக்கு அப்போது தெரியாது.
பிறகு படித்தேன்,
தூக்கம் வராத மூன்று வாரத்தில்.

ஏழு மடங்கு ஒன்றில் பூஞ்சை,
ஓரத்தில் சிலந்தி நூலாய்க் கிளைவிட்டிருந்தது.
இந்த ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியும் ரொட்டிதான்.
இன்னொன்று எப்போதோ கீழே விழுந்தது,
அதில் எதிர்க்கட்டடத்துக்கு இரண்டு கூரை.
பத்து மடங்கில் என் நாடியே தெரிந்தது,
ஜன்னல்கள் குதித்தன.
பிறகு எட்டு, நாற்பத்திரண்டு.
முழங்கை மடித்தாற்போன்ற பழைய வடிவம்.
நேர்க்குழல் வேண்டுமென்றால் இதே தெளிவுக்கு
மூன்று பங்கு விலை, என்றார்.
ரப்பர் உரிந்திருக்கிறது.
உரியட்டும்.

ஏழு பத்து.
நான்காம் மாடி நடைவழிக்கு எடுத்துவந்தேன்.
குவெக்கும் கூடவே வந்தார்,
நான் ஓடிவிடுவேன் என்றல்ல,
கடைக்குள் குளிர்சாதனம் பழுது.

நம் ஊரில் அந்தி என்பது
பேருந்து நின்று புறப்படும் நேரம்தான்.
சிவப்பு, சாம்பல், உடனே விளக்கு.
கீழே கார்நிறுத்தப் பேட்டையில்
குப்பைத்தொட்டி ஓரம் கறுப்பாய் ஏதோ.
குனிந்தது. நகர்ந்தது. மறுபடி குனிந்தது.

அன்றும் அப்படித்தான்.
செம்பனை வரிசையின் கடைசியில்
தாழ்வாக, கறுப்பாக,
மூக்கால் மண் கிளறுகிற மாதிரி.
பன்றி, என்றேன்.
நிச்சயமா, என்றான் மரியதாஸ்.
நிச்சயம், என்றேன்.
அவன் மூச்சை நிறுத்திய நேரத்தில்
அது ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தது,
உதிர்ந்த பழம் பொறுக்கிய சாக்கைத்
தோளில் போட்டுக்கொண்டு
யாரையோ கூப்பிட்டபடி நடந்துபோனது.
'அது' என்றே இன்னும் சொல்கிறேன் பாருங்கள்.

பாலத்தருகே என்னை இறக்கிவிடும்வரை
இருவரும் வானொலி கேட்டோம்,
விளம்பரங்களைக்கூட.

ஏழு பதினெட்டு.
நடுச்சக்கரத்தை ஒரு மயிரளவு திருப்பினேன்.
கறுப்பு பிரிந்து பச்சைச் சட்டையாயிற்று,
முதுகில் துப்புரவு நிறுவனத்தின் எழுத்து,
மஞ்சள் கையுறை, ஒன்றில் கட்டைவிரல் கிழிசல்.
அட்டைப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கினாள்,
தலைதூக்கிக் காதோர வியர்வையைத்
தோளில் துடைத்தாள்.
கீழுதட்டுக்கு அடியில் மச்சம்.

என்ன தெரிகிறது, என்றார் குவெக்.
வெறுங்கண்ணுக்கு அங்கே இருட்டு.
ஆள், என்றேன்.

நூற்றெண்பது சொன்னவர்
நூற்றைம்பதுக்கு இறங்கினார்.
கடற்பாசிப் பொட்டலத்தில் வருமே,
ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகள்,
எறியாமல் சேர்த்து டப்பாவில் போட்டுவையுங்கள் என்றார்.

ரயிலில் மரியதாஸின் செய்தி: சனிக்கிழமை?
ஏழுக்குமேல் சுடுவதில்லையென்றால், என்று எழுதி
அழித்தேன்.
கண்ணாடி மாற்றிவிட்டேன், என்று எழுதினேன்.
அதையும் இன்னும் அனுப்பவில்லை.