அரைப் பேர்

சாமிமலைப் பள்ளிக்கூடத்தில் ஆறு கணினி,
உயிரோடு இருப்பவை இரண்டு.
கரண்ட் போனால்
கரும்பலகையில் சோக்கட்டியால் கட்டம் போடுவோம்.

"உங்கள் லயத்தில் எதை எண்ணலாம்?"
பதினோராம் ஆண்டு சிரித்தது:
"கடனை, சேர்."

பிறகு சிட்டைகள் வந்தன,
கொழுந்துக் கறையோடு.
ஒரு கட்டு மாவு டின்னுக்குள் இருந்ததாம்;
விரித்தால் வெள்ளையாய் உதிர்ந்தது.

ருக்‌ஷானி நிரலின் தலையில் 'பேர்' என்று அடித்தாள்.
கீழே ஆள் பெயர் ஒன்றுமில்லை.
ஒன்று, ஒன்று, அரை, ஒன்று, அரை, அரை.

மழை ஈரத்துக்குத்தான் கிலோ கழிக்கிறார்களாம்.
சரி, மழையை அளப்போம்.
வெட்டிய சோடாப் போத்தல்,
பக்கத்தில் கட்டிய அடிமட்டம்,
இருபத்தாறு விடியல்.

மழை ஏறி இறங்கியது.
கழிவு அசையவில்லை:
அடைமழைக்கும் நாலு கிலோ,
முதுகு வெடிக்கும் வெயிலுக்கும் நாலு கிலோ.
"இருபத்தாறு நாள் போதாது" என்றேன்.
என் குரல் எனக்கே
துரை குரலாய்க் கேட்டது.
"அப்ப இன்னும் அளப்போம்" என்றாள்.

பின்வரிசையில் யுகேந்திரன் மட்டும்
ஒரு கட்டத்தில் நின்றுவிட்டான்.
"அம்மாவுக்குப் பூச்சியம் போடவா, சேர்?"
வேலைக்கு வரலையா?
"வந்தாங்க. ஒம்பது மணிக்குக் குளவி கொத்தி
லொறியில ஏத்துனாங்க."

பூச்சியம் வேறு, வெற்றிடம் வேறு:
போன கிழமைதான் படிப்பித்தேன்.
இது இரண்டும் இல்லை.

அவனே அடித்தான்: குளவி.
எண் கேட்ட இடத்தில் எழுத்து;
கூட்டுத்தொகை முழுக்கப் பிழை காட்டியது.

தோட்ட ஆபீசுக்குக் கொண்டுபோகும் தாளிலும்
அந்தப் பிழையை
யாரும் திருத்தவில்லை.